மானிய வண்டி

மானியம் என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சமையல் சிலிண்டருக்கு வங்கியில் வந்து விழும் பணத்தைக்கூட என் அக்கா ‘சிலிண்டர் காசு’ என்றுதான் சொல்வாள். அப்பா மில் வேலையை விட்டபோது கிடைத்த பணத்தைக் கொண்டு வன்னியம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு துண்டு நிலம் வாங்கினார். அது மானிய நிலம். எந்தக் காலத்திலோ யாரோ ஒரு கோயிலுக்கு எழுதிவைத்தது. உழுது பிழைக்கலாம், விற்க முடியாது. விற்றவனுக்கு அது தெரியும். அப்பாவுக்குத் தெரியாது. நாங்கள் மக்காச்சோளம் போட்டு, அது முழங்கால் உயரம் வந்திருந்தபோது வரப்பில் ஒரு நீலப் பலகை நட்டார்கள். இது கோயிலுக்குச் சொந்தமான இடம் என்று அதில் எழுதியிருந்தது. எட்டாம் வகுப்பில் இருந்த நான்தான் அதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். பலகை நட்டவர்கள்மேல் தப்பு ஒன்றும் இல்லை, அவர்கள் சொத்தை அவர்கள் கேட்டார்கள். விற்றவன் ஊரைவிட்டுப் போயிருந்தான். அந்த வருடத்தோடு என் படிப்பும் முடிந்தது.

அதன்பின் நான் போன ஊர்களுக்கு வரிசை கிடையாது. திருப்பூரில் பனியன் கம்பெனி, கொச்சியில் ஓட்டல், மும்பையில் இட்லிக் கடை, ராஜஸ்தானில் ஆழ்துளைக் கிணறு போடும் லாரி. ஓர் ஊரில் சோறு நன்றாகக் கிடைத்தால் தூங்க இடம் இருக்காது. தூங்க இடம் கிடைத்தால் கால் நிற்காது, வேறு எங்காவது போகத் தோன்றும். டிரைவிங் மட்டும் எல்லா ஊரிலும் கைகொடுத்தது. கடைசியாகத் திருப்பூரில் குட்டியானை என்று சொல்கிற சின்ன லோடு வண்டி ஒன்றை வாங்கி, துணி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன். அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யவில்லை என்று போன் வந்தபோது அதையும் விற்றுவிட்டு சேத்தூருக்கு வந்தேன். அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. மச்சான் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. எனக்கும் யாரும் இல்லை.

வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். இடம் கிடைத்தது ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரி ஒன்றில். சேத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். போகும்போது பெரிய தொந்தரவு இல்லை. திரும்பும்போதுதான் பாடு. நாலு மணி நேரம் ரத்தத்தை வெளியே எடுத்துச் சலித்து உள்ளே விட்ட உடம்பு அது. நிற்க முடியாது. உட்கார்ந்தால் தலை சுற்றும். ஒருநாள் ஒரு கல்லூரிப் பிள்ளையின் பையில் வாந்தி எடுத்துவிட்டாள். அந்தப் பெண் திட்டவே இல்லை, தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அக்காவுக்கு அதுதான் தாங்கவில்லை.

“அந்தப் புள்ள ரெண்டு வார்த்தை வஞ்சிருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும்லே” என்றாள் வீட்டுக்கு வந்து. பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, “வாரத்துக்கு ரெண்டு தடவ போனாப் போதும்னு நெனைக்கேன்” என்றாள்.

இரண்டு தடவை போதாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அடுத்த வாரம் அவள் ஒருநாள் போகவில்லை. அதற்கடுத்த வாரமும் ஒருநாள் போகவில்லை. கால் வீங்கியது. படுத்தால் மூச்சு வாங்கியது. நோயைவிட அந்த பஸ்தான் அவளைக் கொன்றுவிடும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

வாடகைக் கார் வாரத்துக்கு மூன்று முறை என்பது எங்களுக்கு ஆகாது. பழைய பெட்ரோல் கார் ஒன்றை வாங்கிவிடலாம், குட்டியானை விற்ற பணம் இருந்தது. ஆனால் வாங்குவது வேறு, அதற்குத் தீனி போடுவது வேறு. கூப்பிடுகிறவர்களின் காரை ஆக்டிங் டிரைவராக ஓட்டி நான் சம்பாதிப்பதை அதன் டேங்க்கே குடித்துவிடும். வீட்டு பிளக்கிலேயே சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் கார் என்றால் ஓட்டிவிடலாம். அந்தக் கார்களின் விலையோ எனக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. ஷோரூம் வாசலில் நின்று ஒருமுறை கண்ணாடி வழியாகப் பார்த்தேன். உள்ளே போகவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனிகள் எலெக்ட்ரிக் கார் விலையைக் குறைக்க ஆரம்பித்தன. ஒருவன் குறைத்தான், உடனே அடுத்தவனும் குறைத்தான். டீக்கடையில் பேப்பர் படித்த யாரோ சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. புதிது குறைந்தும் எனக்கு எட்டவில்லை. பழையது என்ன ஆகியிருக்கும் என்று கேட்க, ராஜபாளையத்தில் பழைய கார் வாங்கி விற்கும் ஒரு கன்சல்டிங் ஆபீசுக்குப் போனேன். அங்கே இருந்தவர் யாரிடமோ போனில் தெலுங்கில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு என்னிடம் அதே கோபத்தில் பேசினார்.

“கரண்டு வண்டியா? நான் தொடவே மாட்டேன். பெட்ரோல் வண்டின்னா வருஷத்துக்கு இம்புட்டு தேயும்னு ஒரு கணக்கு இருக்கு. இதுக்கு என்ன கணக்கு? நான் இன்னைக்கு ஒரு வண்டி எடுத்து இங்க நிறுத்துறேன். நாளைக்குக் காலையில கம்பெனிக்காரன் புதுசுக்கு விலையக் குறைச்சுட்டான்னு வைங்க. நான் எடுத்த விலைக்குப் புதுசே வந்துரும். பொறவு இதை யாரு வாங்குவா? நானும் எங்க வீட்டு நாயும்தான் ஏறிச் சுத்தணும்.”

“அப்போ பழசு வச்சிருக்கவங்க என்ன செய்வாங்க அண்ணே?”

“அழுவாங்க” என்றார். அதன் பிறகு கொஞ்சம் இறங்கி வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மிலிட்டரிக்காரர் இருக்கிறார், தன் வண்டியை விற்றுத் தரச் சொல்லி இரண்டு முறை வந்துவிட்டார், தான் எடுக்க மாட்டேன் என்றதில் கோபித்துக்கொண்டார், வேண்டுமானால் நீ நேரே போய்ப் பார் என்று சொல்லி, ஒரு சிகரெட் அட்டையில் நம்பர் எழுதிக் கொடுத்தார்.

மிலிட்டரிக்காரருக்குச் சொந்த ஊர் சுந்தரபாண்டியம். அங்கே நிலபுலம் உள்ள குடும்பம். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடு கட்டியிருந்தார். மகன் கோயம்புத்தூரில் இருக்கிறான். வயதான காலத்தில் தனியாக இருக்க வேண்டாம் என்று அவரையும் அவர் மனைவியையும் அங்கே அழைத்திருந்தான். அவன் இருப்பது பெரிய அடுக்குமாடி. கீழே கார் நிறுத்தும் இடத்தில் சார்ஜ் ஏற்ற பிளக் வைக்க அங்கிருந்த சங்கம் ஒத்துக்கொள்ளவில்லையாம்.

“எல்லையில பனியில நின்னவன், ஒரு பிளக்குக்காக எவனோ கூட்டம் போட்டு முடிவு பண்றதுக்குக் காத்துக் கிடக்கேன்” என்றார்.

வண்டி வெள்ளை. ஒரு கீறல் இல்லை. சீட்டின் மேல் இன்னும் பிளாஸ்டிக் உறை இருந்தது. மனிதர் அதைத் தினமும் துடைத்திருக்கிறார். மூன்று வருட வண்டியின் பெடலில் கால் படும் இடத்தில் மட்டும்தான் தேய்ந்திருந்தது. பேட்டரிக்குக் கம்பெனி கொடுத்த உத்தரவாதமும் இன்னும் முடியவில்லை. முழுசாக ஏற்றினால் புதிதில் போன தூரத்தைவிடக் கொஞ்சம் குறைவாகப் போகும், அவ்வளவுதான். எங்களுக்கு வேண்டியது சேத்தூரும் ஸ்ரீவில்லிபுத்தூரும்தான்.

ஆனால் அவர் சொன்ன விலைக்கும் ஷோரூமில் இப்போது புதிதுக்குச் சொல்லும் விலைக்கும் நடுவில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கும் பணம்தான் வித்தியாசம். அதை நான் மெதுவாகச் சொன்னேன். அவர் முகம் சிவந்துவிட்டது.

“தம்பி, நான் வாங்கும்போது அது என்ன விலை தெரியுமா? புக் பண்ணிட்டு மாசக்கணக்கா காத்திருந்து வாங்கினேன். இந்த சீட் உறையக்கூட நான் இன்னும் பிரிக்கல, அதுக்குள்ள ரெண்டு தடவ குறைச்சுட்டான். அப்போ முதல்ல வாங்கினவன் கேனப்பயலா?”

எனக்கு அவர்மேல் இரக்கமாகத்தான் இருந்தது. அவர் வாங்கிய விலை அவர் மனதில்தான் இருந்தது, வேறு எங்கும் இல்லை. அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்தார். காபி குடித்ததும் அவர் தணிந்து, வண்டியின் பெருமைகளைச் சொல்ல ஆரம்பித்தார். அதில்தான் வினை வந்தது.

“ரோடு டாக்ஸ் ஒத்தப் பைசா கட்டல. பேட்டரி வண்டிக்கு அரசாங்கம் தள்ளுபடி பண்ணிட்டு. லோனுக்குக் கட்டின வட்டியையும் வருமான வரியில கழிச்சுக்கிட்டேன். மொத்தத்துல சொல்லணும்னா இது மானிய வண்டி தம்பி.”

மானிய வண்டி. எனக்கு நீலப் பலகை கண்ணுக்கு முன்னால் வந்தது. நான் படிக்காதவன் என்றாலும் முட்டாள் இல்லை. அரசாங்கம் சும்மா எதையும் கொடுக்காது என்று எனக்குத் தெரியும். சலுகையை இவருக்குத்தானே கொடுத்தார்கள்? இவர் விற்றுவிட்டுப் போன பிறகு என்னிடம் வந்து, இது மானியத்தில் வந்தது, உனக்கு விற்க இவருக்கு உரிமை இல்லை என்று சொன்னால்? அப்பாவாவது மக்காச்சோளம் முழங்கால் உயரம் வரும்வரை அந்த நிலத்தில் நின்றார்.

டம்ளரை வைத்துவிட்டு எழுந்தேன்.

“மானியம்னா எனக்குச் சரிப்படாது அண்ணாச்சி.”

“என்னது?”

“மானியம்னு சொல்லிட்டீங்கள்ல. எனக்கு வேண்டாம். வாரேன்.”

“ஏ தம்பி, செத்த நேரம் இரு. பேசுவோம்.”

நான் நிற்கவில்லை. பஸ்ஸில் வரும்போது, கிடைக்க இருந்தது கைநழுவிய வருத்தத்தைவிட, அப்பா விழுந்த குழியைத் தாண்டி வந்துவிட்ட நினைப்புதான் அதிகமாக இருந்தது. அக்காவிடம் வண்டி ஒத்துவரவில்லை என்று மட்டும் சொன்னேன். “விடுலே” என்றாள். மறுநாள் டயாலிசிஸ் நாள். அவள் கிளம்பவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிப் போகிறவனுக்கு வற்புறுத்த வாய் வராது.

அன்று காலையிலேயே மிலிட்டரிக்காரர் போன் பண்ணினார்.

“தம்பி, ராத்திரி முழுக்க யோசிச்சேன். நீ சொன்னதுதான் நியாயம். டாக்ஸ் கட்டாம வாங்கிட்டு, டாக்ஸும் சேத்துக் கட்டின மாதிரி விலை சொல்லக்கூடாது. அதைக் கழிச்சுக்கிடுதேன். இப்போ சரிதானே?”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கழிப்பது என்றால் என்ன? மானியத்தை விலையிலிருந்து கழித்துவிட்டால் அது மானியம் இல்லை என்று ஆகிவிடுமா?

“அது எப்படி அண்ணாச்சி? கழிச்சாலும் மானியம் மானியம்தானே.”

“நீ லேசுப்பட்ட ஆள் இல்ல” என்று சொல்லிவிட்டு வைத்தார்.

மாலையில் மறுபடியும் போன் வந்தது. இம்முறை அவர் குரலில் களைப்பு தெரிந்தது.

“சரிப்பா. வட்டிக்கு வருமான வரியில எனக்கு மிச்சமானது எம்புட்டோ, அம்புட்டையும் கழிச்சுக்கோ. நான் கையவிட்டுக் கட்டினது என்னவோ அதுல இருந்துதான் இப்போ தேய்மானம் போடுதேன். இதுக்கு மேல கழிக்கணும்னா என் சட்டையத்தான் கழட்டணும். மாசக் கடைசியில நாங்க கிளம்புறோம்.”

அவர் சொன்ன புது விலை என் கையில் இருந்த பணத்துக்குள் வந்தது. அதற்குப் பிறகும் எனக்குச் சரி என்று சொல்ல வாய் வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அக்கா கட்டிலில் சாய்ந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். போனில் அவர் பேசியது பாதி அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும்.

“யாருலே அது, காலையிலயும் கூப்பிட்டாரே?”

வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மானியம் என்று சொன்னதையும், நான் எழுந்து வந்ததையும், அவர் என்னவோ கழித்துக்கொண்டே போவதையும். சொல்லும்போது அந்தச் சொல்லை நானும் மெதுவாகத்தான் சொன்னேன். வீட்டில் பழக்கமில்லாத சொல்.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் மறுபடி சிரிப்பாகி, நான் முதுகைத் தடவிவிட வேண்டியிருந்தது.

“ஏலே கூறுகெட்டவனே. மாசாமாசம் பேங்குல சிலிண்டர் மானியம் விழுதே. அதுக்காக நான் வைக்கிற கொழம்பு கவர்மெண்டுக்குச் சொந்தமாயிருமா?”

அவள் வாயிலிருந்து அந்தச் சொல் அவ்வளவு இயல்பாக வந்து நான் கேட்டதில்லை. அப்பா இறந்த பிறகுகூட நாங்கள் அதைச் சொன்னதில்லை.

“அது கேஸுக்கா. இது வண்டி. பேர் மாத்தணும். நிலம் அப்பா பேருக்கு மாறாமத்தானே அவரு மாட்டினாரு?”

சிரிப்பு நின்றது. அவளுக்கும் அது தைத்திருக்க வேண்டும். நீலப் பலகையை நட்ட அன்று அவளும் வரப்பில்தான் நின்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டுக் கையை நீட்டினாள். “போனக் குடு. அவியகிட்டயே கேட்டுருவோம்.”

ஸ்பீக்கரில் போட்டாள்.

“அண்ணாச்சி, நான் அந்தக் கிறுக்கனோட அக்கா பேசுதேன். உங்க வண்டிய நாங்க வாங்கினா, பின்னால கவர்மெண்டு வந்து, குடுத்த மானியத்தத் திருப்பிக் கேக்குமா? இல்ல வண்டியவே கேக்குமா?”

“எதக் கேக்கும்மா?”

அவள் அப்பாவின் நிலத்தைப் பற்றிச் சொன்னாள். நாலு வாக்கியம்தான். எங்கள் வீட்டில் அதை வெளியாளிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. சுந்தரபாண்டியத்துக்காரருக்கு மானிய நிலம் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

“அம்மா, டாக்ஸ் தள்ளுபடி வண்டிக்கு. அது வண்டியோட வரும், யாரும் திருப்பிக் கேக்க மாட்டான். வட்டிக் கழிவு எனக்கு, அது எனக்கு வந்து முடிஞ்சு போச்சு. பேரு மாத்தினா வண்டி உங்களுது. மேல ஒரு பயலும் உரிமை கொண்டாட முடியாது.” நிறுத்தி, மெதுவாகக் கேட்டார். “அப்போ உன் தம்பி விலைக்காகப் பேசலையா? நிஜமாவே பயந்துட்டுத்தான் எந்திரிச்சுப் போனானா?”

“ஆமா அண்ணாச்சி.”

ஏமாந்து கழித்துவிட்டோம் என்று தெரிந்த மனிதர் இனிப் பழைய விலைக்கே போய்விடுவார். போனால் குறை சொல்ல முடியாது. அக்காவும் அதைத்தான் நினைத்தாள். கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்திருந்தாள்.

போனில் ஒரு பெரிய சத்தம் கேட்டது. அவர் சிரிக்கிறார் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது. தன் மனைவியைக் கூப்பிட்டு, “ஏட்டி, இங்க வா. நம்மகிட்ட வந்த பெரிய வியாபாரி கதையக் கேளு” என்றார். பிறகு என்னிடம், “ஏலே, உன்னைப் பாத்துப் பயந்து ராத்திரி முழுக்கத் தூங்கல நான். மிலிட்டரிக் காண்டிராக்டர்கூட என்கிட்ட இப்படிப் பேசினதில்ல” என்றார்.

“நீங்க முதல்ல சொன்ன விலையச் சொல்லுங்க அண்ணாச்சி. கொஞ்ச நாள்ல புரட்டப் பாக்கேன்” என்றேன். எங்கே புரட்டுவேன் என்று எனக்கே தெரியாது.

“எதுக்கு? நீ பயந்து சொன்னாலும் சொன்னது நியாயம்தானே. நான் கட்டாத காச உன்கிட்ட எப்படிக் கேப்பேன்? சொன்ன விலை சொன்னதுதான். ஒண்ணே ஒண்ணு. நாங்க கோயம்புத்தூர் கிளம்புற அன்னைக்கு எங்களை பஸ் ஏத்திவிட நீ வரணும். அந்த வண்டியிலதான் வரணும்.”

பெயர் மாற்ற ஆர்.டி.ஓ. ஆபீசில் நின்றபோதும் எனக்குப் பயம் விடவில்லை. யாராவது மானியம் என்று ஆரம்பிப்பார்கள் என்று ஒவ்வொரு ஜன்னலிலும் காத்திருந்தேன். உள்ளே இருந்தவர் என் போட்டோவைப் பார்த்து, “இதுல முடி இருக்கே” என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை.

மிலிட்டரிக்காரரையும் அவர் மனைவியையும் பஸ் ஏற்றிவிட்ட அன்று, அவர் காரிலிருந்து இறங்குவதற்கு முன் சீட்டின் பிளாஸ்டிக் உறையைத் தன் கையாலேயே உரித்தார். “இனி யாருக்கு வச்சுக் காப்பாத்த?” என்றார். உரிக்கிற சத்தம் பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கேட்டது.

இப்போது வாரத்துக்கு மூன்று நாள் போகிறோம். ஒருநாளும் தவறவில்லை. கால் வீக்கம் வற்றிவிட்டது. திரும்பும்போது அக்கா பக்கத்து சீட்டைப் பின்னால் சாய்த்துப் படுத்துக்கொள்வாள். வண்டியில் சத்தம் கிடையாது என்பதால் ராஜபாளையம் வருவதற்குள் தூங்கிவிடுவாள். சிக்னலில் நிற்கும்போது அவள் மூச்சு எனக்குக் கேட்கும். மற்ற நாட்களில் நான் ஆக்டிங் டிரைவராகப் போய்விட்டு இருட்டுவதற்குள் சேத்தூருக்கு வந்துவிடுகிறேன். வேறு ஊருக்குப் போக வேண்டும் என்று முன்பு கால் அரிக்கும். வாரம் மூன்று முறை போய் வருவதே அதற்குப் போதுமானதாக இருக்கிறது போலிருக்கிறது.

போன மாதம் கோயம்புத்தூரிலிருந்து போன் வந்தது.

“தம்பி, பேப்பர் பாத்தியா? மறுபடியும் குறைச்சுட்டான். நீ குடுத்த விலைக்குக்கூட இப்போ போகாது. நான் தப்பிச்சேன், நீ மாட்டிக்கிட்ட.” அவர் குரலில் சந்தோஷமும் சங்கடமும் சேர்ந்தே இருந்தன. நான் பரவாயில்லை என்றேன். அது பொய்யில்லை. ஆனாலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து திரும்பும்போது அதை அக்காவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அவள் கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

“விலை குறைஞ்சா சீட்டு சுருங்கிருமாலே?”

“சுருங்காது.”

“பொறவு என்ன? மெதுவாப் போ. தூங்கிட்டு வாரேன்.”

சீட்டை இன்னும் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.